சுகந்தி வந்ததும் காலியான வரிசை

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு பெரிய காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். குளிரூட்டிய அறை பிடிக்கும். நட்டஈடு கேட்டு வருபவர்களிடம் நாள் முழுக்க ஏச்சு வாங்குவது பிடிக்காது. நிறையப் பொலிசி விற்றதற்காக விற்பனைப் பிரிவுச் சுகந்தியை நிறுவனமே சிங்கப்பூருக்குச் சுற்றுலா அனுப்பியபோது எனக்கு வயிறு எரிந்தது. அவள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நானும் விற்பனைக்கு மாற்றம் கேட்கத் தீர்மானித்தேன்.

அந்த வாரம் ஒரு கலியாண வீட்டில் சுகந்தி எங்கள் வரிசைக்கு வந்தாள்.

"எழும்பு பிள்ளை, பொலிசி எடுக்கச் சொல்லப்போறாள்" என்று மாமி என் கையை இழுத்தார். என்னைத் தவிர வரிசையே எழும்பிப் போய்விட்டது.

"சும்மா கதைக்கத்தான் வந்தனான்" என்றாள் சுகந்தி, வெறும் கதிரைகளைப் பார்த்து.

நான் மாற்றம் கேட்கவில்லை. இப்போதெல்லாம் விசேஷங்களில் அவளுக்குப் பக்கத்தில் நான்தான் இருக்கிறேன். சிங்கப்பூர்க் கதையை எடுத்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.