இரண்டு மில்லி ரத்தம்

சூடாமணி வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டில் சொன்னது, ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற வேலை என்று. அது பொய்யில்லை. எதனுடைய ரத்தம் என்று மட்டும் சொல்லவில்லை. முனிச்சாலைப் பக்கம் நூலுக்குச் சாயம் போடுகிற குடும்பம். வீட்டுக்குள் முட்டை வந்தால்கூட அம்மா தலைமுழுகிவிடுவாள். மகள் செம்மறியாட்டு ரத்தத்தோடு மல்லாடுகிறாள் என்று தெரிய மூன்று வருடம் ஆனது. அதற்குப் பிறகு அண்ணன் ராமமூர்த்தி அவளை ஆட்டு டாக்டர் என்றுதான் கூப்பிட்டான்.

ஆராய்ச்சிக்கூடம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. புற்றுநோய் வந்த உடம்பில், எதிர்த்து நிற்கிற தெம்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து, செம்மறியின் சிவப்பணுக்களோடு கலந்து பனிக்கட்டியில் வைத்தால், தெம்புள்ள வெள்ளையணு தன்னைச் சுற்றிச் சிவப்பணுக்களை ஒட்டவைத்துக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் பூ மாதிரி தெரியும். சூடாமணி அந்தப் பூக்களை வாய்க்குள்ளேயே எண்ணுவாள், வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரத்தில். தமிழில் எண்ணினால் அவளுக்குத் தப்பும். நல்ல உடம்பில் நூற்றுக்கு அறுபது பூவாவது இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்பு ஒன்று வேண்டுமே. அதற்கு வாராவாரம் தன் கையையே கொடுத்தாள்.

ஆட்டு ரத்தம் வாடிப்பட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நல்லகாமன் வீட்டில் ஒரு செம்மறி நின்றது. புதன்கிழமை விடிந்ததும் அவர் ரத்தம் எடுத்து, பாட்டிலை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்.

எண்பத்திரண்டில் ஒரு புதன்கிழமை. அன்றைய நோயாளி முத்துத்தாய். கொட்டாம்பட்டிப் பக்கம் கடலைக்காட்டு வேலை, வாயில் புற்று. சாப்பிட முடியாமல் காய்ந்துபோன கை. நரம்பு அகப்படாமல் மூன்று இடத்தில் குத்தித்தான் ரத்தம் வந்தது. மறுநாள் காலையில் அவளுக்குக் கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் எத்தனை பூ என்று தெரிந்தாக வேண்டும். எடுத்த ரத்தமோ சாயங்காலம் தாண்டினால் உதவாது. வீணாய்ப் போனால், விடிந்ததும் மறுபடி அந்தக் கையில்தான் குத்த வேண்டும்.

பதினோரு மணிக்குச் சூடாமணி தன் ஸ்லைடை முதலில் பார்த்தாள். இருநூறு அணுக்களைத் தாண்டியும் ஒரு பூ இல்லை. போன வாரம் அறுபத்துநாலு. உட்கார்ந்தபடியே கழுத்தைத் தடவிப் பார்த்தாள், கட்டி கிட்டி இருக்கிறதா என்று. பிறகு முத்துத்தாயின் ஸ்லைடை வைத்தாள். அதிலும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்தது அவளுக்கே கூசியது.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் இப்படி ஆகாது. மறுபடி குனிந்தபோதுதான் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பொடியாக இருப்பது தெரிந்தது. கேழ்வரகு இருக்க வேண்டிய இடத்தில் கசகசா. ஐந்து வருடம் பார்த்த கண். இது செம்மறி இல்லை, வெள்ளாடு. வெள்ளாட்டு ரத்தம் ஒட்டாது.

கூடத்தை நடத்துகிற டாக்டர் பெங்களூர் போயிருந்தார். யாரையும் கேட்காமல் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

நல்லகாமன் கோமாரி ஊசி போட முகாமுக்குப் போய்விட்டிருந்தார். அவர் மனைவி ஒச்சாயி பிளாஸ்கைப் பார்த்ததுமே வந்து செம்மறிக்கு முன்னால் நின்றுகொண்டாள். கேட்கும் முன்பே ஒப்புக்கொண்டாள்.

"நாந்தேன் வெள்ளாட்டுல எடுக்கச் சொன்னேன், டாக்டரம்மா. இது சினை. போன ஈத்துல குட்டி செத்துப் பெறந்துச்சு. எம்புட்டு நாளைக்குத்தேன் இது கழுத்துலயே குத்துவாக?"

டாக்டர் இல்லை என்று திருத்த வாயெடுத்த சூடாமணி, அதை விட்டுவிட்டு முத்துத்தாயைப் பற்றிச் சொன்னாள். கடலைக்காடு, காய்ந்த கை, மூன்று குத்து. ஒச்சாயி முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"இதை எடுத்தா அந்தம்மாவுக்குச் சரியாயிருமா?"

பஸ்ஸில் வரும்போதே சூடாமணி பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"இல்லக்கா. அவங்களுக்கு இதுல ஒண்ணும் கெடைக்காது. பின்னாடி வர்றவங்களுக்கு ஏதாச்சும் தெரியலாம். எடுக்கலைன்னா விடிஞ்சதும் மறுபடி அவங்க கையில குத்தணும். அம்புட்டுத்தான்."

ஒச்சாயி செம்மறியின் காதை நீவிக்கொண்டே நின்றாள். "அப்ப என் ஆட்டுக்கும் ஒண்ணுமில்ல, அந்தம்மாவுக்கும் ஒண்ணுமில்ல. நல்ல வேலை பாக்குறீக." சிரிக்கவில்லை. காதை விட்டுவிட்டு, எம்புட்டு வேணும் என்று கேட்டாள்.

கம்பவுண்டர் எப்போதும் பாட்டில் நிறைய அனுப்புவார். மிஞ்சியதைக் கொட்டிவிடுவது வழக்கம். எவ்வளவு கொட்டுகிறோம் என்று சூடாமணி அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. இரண்டு மில்லி என்றாள். சிரிஞ்சில் அது எந்தக் கோடு என்று ஒச்சாயி காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தானே கீழே உட்கார்ந்து, ஆட்டின் தலையை மடியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"கோட்டைத் தாண்டாதீக."

சூடாமணி ஆட்டுக்கு ஊசி குத்தியதே இல்லை. மயிரை விலக்கி, விரலால் நரம்பைத் தேடி அழுத்தினாள். ஊசி இறங்கும்போது ஆடு சும்மாதான் இருந்தது. ஒச்சாயிதான் கண்ணை மூடிக்கொண்டாள். கோடு வந்ததும் சூடாமணி நிறுத்திவிட்டாள்.

திரும்பி வந்து, கழுவி, கலந்து, பனிக்கட்டியில் வைத்து எடுத்தபோது மணி ஆறரை. இந்தத் தடவை முத்துத்தாயின் ஸ்லைடை முதலில் வைத்தாள். பூக்கள் இருந்தன. நூற்றுக்கு முப்பத்தெட்டு. குறைவுதான். கூடுமா என்று இன்னொரு முறை எண்ணினாள். முப்பத்தெட்டுதான்.

மறுநாள் அவளுக்கு வார்டில் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போனாள். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் முத்துத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள்.

"இன்னைக்குக் குத்த மாட்டேன், ஆத்தா. நேத்து எடுத்ததே போதும்."

முத்துத்தாயால் பேச முடியாது. நீட்டிய கையை மடக்காமல், அதே கையால் கட்டில் ஓரத்தைத் தட்டிக் காட்டினாள். கரண்டு வைக்கக் கூப்பிடும்வரை சூடாமணி அங்கே உட்கார்ந்திருந்தாள்.