கீழே இறங்கிய முள்

மட்டாஞ்சேரியில் குறுமிளகு ஏற்றுமதி செய்யும் பழைய கட்டடம் ஒன்றின் காவல்காரர் இசக்கிதுரை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அங்கே கம்ப்யூட்டர் அறையை ஒட்டிய சின்ன அறையில் ஆளுயர சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். தீப்பிடித்தால் அவற்றிலிருந்து ஆர்கான் வாயு பாய்ந்து நெருப்பை மூச்சுத் திணற வைக்கும். இயந்திரங்கள் நனையாது. தினமும் காலையில் அவற்றின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பதும் இசக்கிதுரையின் வேலை.

அன்று எல்லா முட்களும் சரியான அளவைக் காட்டும் பச்சைக் கோட்டுக்குக் கீழே கிடந்தன.

"வாயு எங்கே போச்சு?" என்றாள் மேலாளர் ஸ்வர்ணலதா.

"தெரியலைம்மா."

"தோப்பும்படியில உங்க மச்சினனோட வெல்டிங் பட்டறைக்கும் ஆர்கான்தானே வேணும்?"

அவர் முகம் வெளுத்தது.

"சர்வீஸ் ஆள் வரட்டும். அதுவரை அந்த அறைச் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

பள்ளுருத்தி வீட்டில் மனைவி ரோஜா எல்லாவற்றையும் கேட்டாள். பட்டறைக்கார அண்ணன் நல்லசிவம் சமீபத்தில் புது வண்டி வாங்கியது அவள் நினைவில் முள்ளாய்க் குத்தியது.

"அண்ணனுக்கு எதையாவது எடுத்துக் குடுத்தியளா?"

"இல்லை."

"அப்போ கண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. அந்த ஒரு கணத்தில் ரோஜாவின் உலகமே இடிந்து விழுந்தது.

மறுநாள் காலையிலிருந்து கட்டடத்தில் மின்சாரம் இல்லை. மதியம் சர்வீஸ்காரன் ஸ்ரீநாத் காக்கநாட்டிலிருந்து வந்தான். ஸ்வர்ணலதா கதவைத் திறந்தாள். முட்கள் மறுபடி பச்சைக் கோட்டில் நின்றன!

"பயந்துபோய்த் திரும்ப நிரப்பிட்டேளா?" என்று இசக்கிதுரையிடம் திரும்பினாள்.

"சாவி உங்ககிட்டதானேம்மா?"

"மாத்துச் சாவி இருக்கும்!"

வியர்வையைத் துடைத்த ஸ்ரீநாத், சுவரிலிருந்த பழைய ஏசியைப் பார்த்தான். "இதை யார் ஓட்டறது?"

இசக்கிதுரை கைகட்டி நின்றார். "நான்தான். வெயிலுக்கு வெடிச்சுரும்னு மச்சினன் பட்டறையில சிலிண்டர் மேல ஈரச் சாக்கு போடுவான். எனக்கும் பயம். முந்தாநாள் கேக்காம ஏசியைப் போட்டுட்டேன். சொன்னா வேலை போயிரும்னு சொல்லலை."

ஸ்ரீநாத் சிரித்துவிட்டான். "எண்டெ சேட்டா! குளிர்ந்தா அழுத்தம் குறையும், சூடானா கூடும். இன்னைக்குக் கரண்ட் போய் ஏசி நின்னதும் முள் ஏறிருச்சு. வாயு அங்கேயேதான் இருக்கு."

"இருந்தாலும் சரியாப் பாரு," என்றாள் ஸ்வர்ணலதா.

அறையின் சூட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தான். ஒன்றிலும் குறைவில்லை. அவள் சாவியை நீட்டினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் விஷயம் கேட்டதும் ரோஜா தேம்பி அழுதாள்.

"ஏசின்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"நீ கேட்டது அது இல்லையே, ரோஜா."

அவள் அழுகை நிற்கவில்லை. காலையில் தோப்பும்படிக்குப் போய், வேலையாட்கள் நடுவில், அண்ணனிடமும் அதையே கேட்டிருந்தாள். "நீயா கேக்கே?" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டானாம்.

இசக்கிதுரை கையிலிருந்த சாயாவைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

"கிளம்புளா. பட்டறை மூடுறதுக்குள்ள போவணும்."

"நீங்களுமா?"

"நான் ஒளிச்சதாலதானே நீ கேட்டே."