பலகையில் ஏறாத சம்பளம்

பல்கலைக்கழக வாசலில் வெல்டருக்கு ஒரு வேலை கிடைத்தது. "எங்கள் பட்டதாரிகளின் சராசரிச் சம்பளம் அறுபதாயிரம்" என்ற பெரிய பலகைக்கு இரும்புச் சட்டம் பற்றவைக்க வேண்டும். சின்ன மகளை இங்கே சேர்ப்பதற்கான பணமும் அவர் சட்டைப்பையில் இருந்தது. வேலை முடிந்ததும் கட்டிவிடலாம் என்றிருந்தார்.

இங்கேயே படித்து, இங்கேயே போன் பேசும் வேலையில் இருக்கும் பெரிய மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். படித்துவிட்டுப் போனவர்களிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு எழுதுவதுதான் அவள் வேலை.

"இந்தக் கணக்கு நீ எழுதுனதாம்மா?"

"ஆமாப்பா. வேலை இல்லன்னு சொல்றவங்க பேர அடிச்சிடணும்."

"உன் பேரு?"

"வேலையில இருக்கறவங்க பட்டியல்ல இருக்கு. சம்பளத்த மட்டும் சேக்கல. என் பன்னிரண்டாயிரத்தப் போட்டா சராசரி எறங்கிடுமாம்."

வெல்டர் தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். அவளைப் படிக்கவைக்க நாலு வருஷம் புகையில் கண்ணைப் பொசுக்கிக்கொண்டவர். தன் பட்டறையில் இரும்பு தூக்குபவருக்கே மாதம் பதினெட்டாயிரம் தருகிறார்.

"மக எழுதுன பொய்ய அப்பன் கையாலயே தூக்கி நிறுத்தச் சொல்றானுங்க. வெக்கங்கெட்ட பயலுக."

"மெதுவாப்பா, மேனேஜர் வர்றாரு."

தரையில் கிடந்த சட்டத்தில் இரண்டு மூலைதான் முடிந்திருந்தது. வெல்டர் மெஷினை அணைத்தார்.

"என்னண்ணே, இன்னும் ரெண்டு மூலை பாக்கி இருக்கே?" என்றார் மேனேஜர்.

"ஒட்டாத மூலைய விட்டுட்டுக் கணக்குப் போடுங்க சார். வேலை முழுசா முடிஞ்சிருக்கும்."

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். வெல்டர் சட்டைப்பையை அழுத்திப் பிடித்தபடி, கட்டணம் கட்டும் ஜன்னலைத் திரும்பியும் பாராமல் வெளியே நடந்தார்.