அவர்கள் கட்டித் தந்த குளியலறை

எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கடைக்கால் தோண்டியவர்கள் கடல் கடந்து வந்த பிள்ளைகள். வெளிநாட்டுச் சபை ஒன்றின் இளைஞர் குழு. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், முதுகில் அன்பைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வாசகம், கையில் புத்தம் புதுக் கையுறை. ஏழைக் குடும்பங்களுக்கு உதவி செய்ய அத்தனை தூரம் விமானத்தில் வந்து, திருவண்ணாமலையில் லாட்ஜில் தங்கி, தினமும் காலையில் வேனில் அடி அண்ணாமலைக்கு வந்து இறங்குவார்கள். அவர்கள் மண் வெட்டுவதைப் பார்க்கவே தெருவில் கூட்டம் நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா அரிசி புடைக்கிற வேலையைக்கூட எங்கள் வாசலுக்கு எடுத்து வந்துவிட்டார்.

அவர்கள் வெட்டுகிற அழகைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, அந்தக் குளியலறை எங்களுக்கு எவ்வளவு தேவை என்பது எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். வீடு கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. அதுவரை எங்களுக்குப் பின்பக்கம் தென்னங்கீற்று மறைப்புதான். மற்ற நாளில் எப்படியோ சமாளித்துவிடலாம். பௌர்ணமி வந்தால் பாதையில் ஆள் ஓயாது. மறைப்பில் எந்தக் கீற்று எப்போது காற்றில் விலகுமோ என்று அம்மா புடவையோடு அரைக்குளியல் குளிப்பார். "ஊரே சாமியைச் சுத்துது, நான் சொம்பை வெச்சிக்கினு சுத்திச் சுத்திப் பாக்கறேன்" என்பார். அதனால் அந்தப் பிள்ளைகள் செய்தது சின்ன உதவி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன்.

நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். தெருவில் சுமாராக இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் மொழிபெயர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அப்படித்தான் அவளோடு பழக்கம். அந்தக் குழுவில் ஒருத்தி, என் வயது. மற்றவர்கள் மதியத்துக்கு லாட்ஜ் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். அவள் நேராக எங்கள் சமையல்கட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். ரசத்தைக் கையால் சாப்பிடப் பழகி, முழங்கை வரை வழியவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினாள். அம்மா அவள் செம்பட்டைத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார். என்னைத் தங்கை என்றாள், அவள்தான் என்னைவிடச் சில மாதம் இளையவள் என்று சொன்ன பிறகும். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அதனால் அந்த வார்த்தையைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன்.

அப்பா பெங்களூரு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நாள் கிடைக்கும்போதெல்லாம் பஸ் ஏறி வருவார். வெளிநாட்டுப் பிள்ளைகள் நம் வீட்டில் வேலை செய்யும்போது நான் பெங்களூரிலேயே இருந்தால் நன்றாக இருக்காது என்று மார்க்கெட்டில் லீவு சொல்லிவிட்டு வந்து அவர்களோடு சேர்ந்து மணல் சுமந்தார். மார்கழிக் குளிர். அவள் தும்மிக்கொண்டே இருந்தாள். அப்பா டவுனுக்குப் போய் அவளுக்கு ஒரு குரங்குக் குல்லா வாங்கி வந்தார். காது இரண்டையும் மூடிக்கொண்டு மேலே ஒரு குஞ்சத்தோடு இருக்குமே, அது. அப்பாவே அவள் தலையில் மாட்டிவிட்டு, "இப்பத்தான் நம்ப ஊரு பொண்ணு" என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அப்பா" என்றாள். 'ப்பா'வை அழுத்தத் தெரியாமல் இழுத்துச் சொன்னாள். அவளிடம் அப்பாவுக்கு அப்படி ஒரு பாசம். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

குளியலறை முடிந்த அன்று அம்மாதான் முதலில் குளித்தார். குளிக்கப் போகும்போது நெற்றியில் இருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து எங்கேயாவது ஒட்டிவிட்டுப் போவது எங்கள் வீட்டுப் பழக்கம், எல்லா வீட்டுப் பழக்கமும்தான். கண்ணாடியில், கதவில், குழாய்க்கு மேலே. பழைய மறைப்பில் ஒரு மூங்கில் கழி முழுக்க அம்மாவின் பொட்டுகளாக இருந்தன. அன்று புதுச் சுவரில் ஒட்டிவிட்டுக் குளித்தார். நிதானமாக, பயமில்லாமல், ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு. ஈரத் தலையோடு கதவைத் திறந்து வெளியே வந்தபோது முகமெல்லாம் தண்ணீர். கண் சிவந்திருந்தது. அழுதாரோ, சீயக்காய் பட்டதோ, நான் கேட்கவில்லை. அவள் போனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டாள்.

அம்மா சட்டென்று நெற்றியைக் கையால் மூடினார். "இரும்மா, பொட்டு வெச்சிக்கினு வரேன்" என்றார். இதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். நான் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் வெறும் நெற்றியோடு ஒரு பெண்ணைப் பார்த்தால் அவள் புருஷன் இறந்துவிட்டதாக நினைப்பார்கள், அம்மா மாதிரி ஆட்களுக்கு அது பெரிய விஷயம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். புரிந்துகொண்டாள். அவளே உள்ளே ஓடி, சுவரிலிருந்து பொட்டை உரித்து வந்து அம்மா நெற்றியில் ஒட்டினாள். கோணலாக ஒட்டினாள். அதற்குப் பிறகு அப்பாவையும் பக்கத்தில் நிறுத்தி இன்னொரு படம் எடுத்தாள்.

ஆக, அவளிடம் இரண்டு படங்கள் இருந்தன. எது எதற்கு என்று தெரிந்தும் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அவள் ஊருக்குப் போன பிறகும் எங்கள் பேச்சு விட்டுப்போகவில்லை. தீபாவளிக்கு வீடியோவில் வருவாள். நான் டிகிரி முடித்தேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஓர் இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, விதவைப் பென்ஷன் என்று நாள் முழுக்க மனுக்கள்தான். சென்ற வருடம் கூட்டம் குறைவான ஒரு மதியம், அந்தச் சபையின் இணையப் பக்கத்தில் அவள் பேசிய வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. என் சிநேகிதி மேடையில் பேசுகிறாள் என்று பெருமையாகப் போட்டுப் பார்த்தேன்.

அவள் பின்னால் பெரிய திரை. திரையில் அம்மா. ஈரத் தலை, சிவந்த கண், வெறும் நெற்றி. கணவனை இழந்த இந்தப் பெண், ஒரே மகளோடு, ஆதரவில்லாமல், என்று போனது அவள் பேச்சு. கையில் அந்தக் குரங்குக் குல்லாவை எடுத்துக் காட்டினாள். தனக்கே இல்லாத நிலையிலும் அந்த விதவைத் தாய் எனக்கு இதை வாங்கிக் கொடுத்தாள் என்றாள். குரல் தழுதழுத்தது. கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விதவை என்பது எனக்கு வசைச்சொல் இல்லை. அந்த மையத்தில் என் எதிரில் வந்து உட்காரும் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான், அவர்கள் முன்னால் நான் நிமிர்ந்துகூடப் பேச மாட்டேன். ஆனால் இறப்புச் சான்று இல்லாமல் எங்கள் கம்ப்யூட்டர்கூட ஒரு மனிதனைச் செத்தவன் என்று ஏற்றுக்கொள்ளாது. அவளுக்கு ஒரு ஈரத் தலை போதுமாக இருந்திருக்கிறது. என் அப்பா மூட்டை தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போய் அந்த வருடம்தான் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்திருந்தார். அவர் பெங்களூரில் தூக்கிய ஒவ்வொரு மூட்டையும் எங்கள் சோறு. அவரைத்தான் அவள் இல்லாமல் ஆக்கியிருந்தாள்.

அன்று சாயந்திரமே போன் செய்தேன். முதலில் அழுதாள். பேச்சைச் சபையில் பெரியவர்கள் திருத்தினார்கள் என்றாள். கேட்பவர்கள் மனம் இளகினால்தானே இன்னும் பல வீடுகளுக்கு உதவ முடியும் என்றாள். கடைசியில், "உன் அப்பா எப்படியும் வீட்டில் இருப்பதில்லையே" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அவளை நான் கண்டபடி திட்டியிருக்க வேண்டும். இங்கிலீஷில் எனக்குத் திட்ட வராது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. என் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அவர்களிடம் உன் வாயால் சொல். சரி என்றாள். ஜனவரியில் புதுக் குழுவை அழைத்து வருவதாகவும், எங்கள் வீட்டு வாசலிலேயே அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவதாகவும் சத்தியம் செய்தாள். நம்பினேன். வீட்டில் மூச்சு விடவில்லை. சரியாகப் போகிற விஷயத்தைச் சொல்லி எதற்கு அவர்கள் மனத்தைப் புண்படுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

அவர்கள் வருகிற அன்று அம்மா வாசலில் பெரிய கோலமாகப் போட்டார். கேசரியில் நெய் ஜாஸ்தியாகவே விட்டார். அப்பா முகச்சவரம் செய்துகொண்டு, துவைத்து வைத்த வேட்டி கட்டி, வேன் வருகிறதா என்று பாதைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். வேன் நின்றது. அதே நிறப் பனியன்கள், புது முகங்கள். முன்னால் அவள், தலையில் அந்தக் குல்லாவோடு.

"பாருடி, இன்னும் வெச்சிருக்குது!" என்று அப்பா அம்மாவிடம் கத்தியே விட்டார்.

அவள் ஓடி வந்து, எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டபடி குனிந்து அப்பா காலைத் தொட்டாள். அப்பா உள்ளே போய் விபூதி எடுத்து வந்து, குல்லாவை மேலே தள்ளிவிட்டு அவள் நெற்றியில் பூசினார். "நல்லா இரும்மா" என்றார். "அப்பா" என்றாள் அவள். இப்போது சரியாக அழுத்திச் சொல்ல வந்தது. இதோ சொல்லப் போகிறாள் என்று நின்றேன்.

குழுவில் இருந்த ஒரு பையன், இவர் யார் என்று கேட்டான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இவளுடைய மாமா. அப்பா இறந்த பிறகு இந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்பவர்" என்றாள். பதற்றமே இல்லை. அந்தக் கதையைச் சொல்லித்தானே அவர்களை அத்தனை தூரம் கூட்டி வந்திருக்கிறாள், அவர்கள் முன்னால் எப்படி மாற்றுவாள்? பிள்ளைகள் அப்பாவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்கள். அப்பாவும் எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

பிறகு முகம் முழுக்கச் சிரிப்பாக என் பக்கம் திரும்பினார். விரலில் இன்னும் விபூதி ஒட்டியிருந்தது. "இன்னாம்மா சொல்லுது? என்னைப் பத்திதான? குல்லாக் கதையா?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். என் வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான வேலை, ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு அப்படியே சொல்வது. சொன்னேன்.

"நீங்க எனக்கு மாமாவாம். எங்கப்பா செத்துட்டாராம்."

அப்பா முதலில் சிரித்தார், நான் கிண்டல் செய்கிறேன் என்று. என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அம்மாவின் கை தானாக நெற்றிக்குப் போய் பொட்டைத் தடவிப் பார்த்தது.

"எப்பவாம்?" என்றார் அப்பா.

"குளியலறை கட்னாங்க இல்ல, அதுக்கும் முன்னாடியேவாம்."

"அப்ப குல்லா?"

"அம்மா வாங்கிக் குடுத்ததாம்."

அவர் அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நல்ல குல்லாம்மா அது. பொறுக்கி எடுத்தேன்" என்றார் என்னிடம், மெதுவாக. பிறகு கொடியில் கிடந்த துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க போறீங்க?" என்றார் அம்மா.

"வீட்ல சாவுன்னு சேதி வந்திருக்குது. தலைக்குத் தண்ணி ஊத்தாம எப்டி?"

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். வாளியில் குழாய்த் தண்ணீர் விழுந்தது. பிறகு தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். அம்மா கேசரித் தட்டோடு நின்றார், ஒருவருக்கும் நீட்டவில்லை. புதிதாக வந்த பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்ப்பதும் தங்களுக்குள் பார்த்துக்கொள்வதுமாக இருந்தார்கள். அவர்களில் சின்னவளாகத் தெரிந்த ஒரு பெண் என்னிடம் வந்து, உள்ளே குளிப்பவர் யார் என்று தயங்கிக் கேட்டாள். நடந்த பேச்சில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அப்போதுதான் என் சிநேகிதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள். என்னைத் தங்கை என்று கூப்பிட்ட அதே முகம்.

"என் அப்பா" என்றேன், இங்கிலீஷில், எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்த வீட்டுக்கு ஒரே ஒரு அப்பாதான்."

அவள் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். உள்ளே அப்பா இன்னொரு சொம்பு ஊற்றினார்.