நான் தேய்த்த வெள்ளிக்கட்டி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். கைநிறையச் சம்பாதிக்கும் பெண் கல்யாணமும் செய்துகொள்ளாமல், நகையும் சேர்க்காமல் இருந்தால் அக்கம்பக்கத்துக்கு எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள். அத்தை சேர்த்தது பழைய வெள்ளிக்கட்டிகள். அதுவும் கன்னங்கரேலென்று கறுத்துப்போன கட்டிகள். "கழுத்துல போட முடியாது, காதுல போட முடியாது, என்னா வெள்ளியோ" என்று அம்மா அடுப்படியில் முனகுவார். அத்தை காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார். நாள் முழுக்க ஊரார் பேச்சைக் காதில் வாங்கி இணைப்புக் கொடுக்கிறவருக்கு அது பெரிய காரியம் இல்லை.

லீவு நாளில் கிள்ளானுக்குப் பஸ் ஏறி நகைக்கடை நகைக்கடையாக ஏறி இறங்குவார். உருக்குவதற்காக வந்து கிடக்கும் பழைய கட்டிகளில் ஏதாவது முத்திரை தெரிகிறதா என்று பார்ப்பார். அந்தக் காலத்துக் கட்டிகள் கையால் ஊற்றியவை. ஒன்றின் ஓரம் மற்றொன்றைப் போல இருக்காது. மேற்புறம் ஆறிய பாயசத்தில் ஏடு படிந்த மாதிரி சுருங்கியிருக்கும். யார் வார்த்தது, எத்தனை அவுன்ஸ், எத்தனையாவது கட்டி என்று அதில் குத்தியிருப்பார்கள். அத்தை மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசி, அந்த எழுத்துகளை எடுத்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுவார். மற்ற வீடுகளில் குடும்ப ஆல்பம் காட்டுவார்கள், எங்கள் வீட்டில் அந்த நோட்டு இருந்தது.

அத்தை கட்டிகளைப் போட்டுவைத்த பிஸ்கட் டின்னுக்குள் பதினொரு கட்டிகள். அவற்றில் 4417 என்ற எண் குத்திய ஒன்றுக்குத்தான் ராஜ மரியாதை. மான் தலை முத்திரை போட்டது. அது யாருடைய முத்திரை என்று கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தை உரசல் தாளை வைத்து வெளிநாட்டுக்குக் கடிதம் மேல் கடிதமாகப் போட்டார். ஆறு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பதில் வந்தது. எப்போதோ மூடிப்போன ஒரு சின்ன உருக்காலையின் முத்திரையாம். அன்று அத்தை எங்கள் எல்லோருக்கும், துருவிய ஐஸில் சர்பத் ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். எங்களுக்கு ஐஸ் கச்சாங் புரிந்தது, காரணம் புரியவில்லை.

அதன் பிறகுதான் கிள்ளானில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவரிடம் அதே மான் தலையோடு 4418 இருப்பது தெரிந்தது. ஒரே நாளில் ஒரே கை அடுத்தடுத்து ஊற்றிய இரண்டு கட்டிகள். அத்தைக்குத் தூக்கம் போய்விட்டது. பெரியவர் இரண்டு வருடம் பிடி கொடுக்கவில்லை. பிறகு, தான் போனபின் பிள்ளைகள் அதை உருக்கக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து, வாங்கிய விலைக்கே தருகிறேன் என்றார். ஆனால் முதலில் வீட்டுக்கு வந்து, அத்தை தன்னுடையதை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டுமாம். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிற கதைதான். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. அதற்கு மூன்று நாள் முன்னால் சரஸ்வதி பூஜை வந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பூஜைக்கு விளக்கு, தட்டு, சந்தனக் கிண்ணம் எல்லாவற்றையும் துலக்கும் வேலை என்னுடையது. வெள்ளிச் சாமான் கறுத்திருந்தால் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கை விளங்காது என்பது அம்மாவின் தீர்ப்பு. விளக்குகளை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு அத்தையின் டின் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்து அந்தக் கறுப்பைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அழுக்குக் கையோடு தொடக்கூடாது என்று அத்தை சொல்லியிருந்தார். அதனால் இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டு 4417-ஐ எடுத்தேன்.

லேசில் போகவில்லை. புளியும் உப்பும் போட்டேன். விபூதி போட்டேன். பல்பொடி போட்டேன். கடைசியில் தேங்காய் நாரை வைத்து ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். கட்டி பளபளவென்று முகம் பார்க்கிற அளவுக்கு வந்தது. சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் நடுநாயகமாக வைத்தேன். அம்மா சுண்டல் கரண்டியோடு வந்து பார்த்து, இப்போதுதான் அது வெள்ளி மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு மணிக்கு வேலை முடிந்து அத்தை வந்தார். பூஜை மேடையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். கையிலிருந்த குடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் ஓடிப்போய், நான்தான் தேய்த்தேன், மிச்சம் பத்தையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தேய்த்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். நார் உரசிச் சிவந்திருந்தன.

"கை எரியுதா?" என்றார்.

எரிகிறது என்றேன். தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டார். மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி டின்னை அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வந்தார். அப்பா வரவேற்று உட்கார வைத்துவிட்டு, பேப்பரோடு மூலையில் அமர்ந்தார். பெரியவர் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த 4418-ஐ மேசையில் வைத்தார். அத்தை பக்கத்தில் எங்கள் 4417-ஐ வைத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று பளபளப்பு. பாவம், பெரியவர் வீட்டில் துலக்க ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து, எங்கள் கட்டியை ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மலாயில், இதை யார் தேய்த்தது என்று கேட்டார்.

அப்பா பேப்பரை இறக்கினார். போன வாரம்தான் நான் ஃபிளாஸ்க்கை உடைத்ததற்காக அவர் பிரம்பை எடுத்திருந்தார். இன்று நம் புகழ் அவருக்கும் தெரியட்டும் என்று நான் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் அடி முன்னால் வந்தேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சாயா யாங் கோசோக், அங்கிள்" என்றார். நான்தான் தேய்த்தேன், அங்கிள்.

பெரியவர் லென்ஸை இறக்கிவிட்டு அத்தையைப் பார்த்தார். வேறு யார் செய்திருந்தாலும் நம்புவேன், நீ செய்வாய் என்று நினைக்கவில்லை என்றார். குரலை உயர்த்தவில்லை. தன் கட்டியை மறுபடி செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார். மரியாதைக்கு ஒரு முறுக்கைக் கடித்து, தேநீரைக் குடித்து முடித்து எழுந்தார். அத்தை பஸ் நிறுத்தம் வரை குடை பிடித்துக்கொண்டு போய் வழியனுப்பினார். அதற்குப் பிறகு பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்துத் தேய்த்தது நான், பேர் வாங்கிக்கொண்டது அத்தை. இப்படி ஒரு பெரிய மனுஷி பொய் சொல்வாரா? மூன்று நாள் அத்தையோடு பேசவில்லை. அவர் ஊட்ட வந்தாலும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடம் வழக்கைக் கொண்டுபோனேன், அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பல வருடம் கழித்து, பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அத்தைக்கு ஒரு வெள்ளிக்கட்டி வாங்கலாம் என்று கிள்ளானுக்குப் போனபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கடைக்காரர் ஒரு பளபளப்பான பழைய கட்டியைத் தள்ளி வைத்து, அது வேண்டாம், மலிவு என்றார். "வீட்டுல யாரோ வெவரம் தெரியாம தேய்ச்சிட்டாங்கம்மா. அந்தக் கறுப்பு ஏற அம்பது வருஷம் ஆகும். போச்சுன்னா போச்சு லா." அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

சின்னப்பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரியவர் சிரித்துக்கொண்டே 4418-ஐக் கொடுத்திருப்பார். நான் அப்பாவிடம் நாலு அடி வாங்கியிருப்பேன். அதோடு, அத்தையின் ஆசையில் மண்ணைப் போட்டவள் என்ற பேரும் சாகும்வரை என்னோடு வந்திருக்கும். இதற்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. அன்று மாலை அத்தையின் காலில் விழுந்தேன். முதல் சம்பளத்துக்காக என்று நினைத்து அவர் ஆசீர்வாதம் செய்தார். நானும் திருத்தவில்லை.

ஆனால் ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான் பேசாமலிருந்த நாலாம் நாள், அத்தை வேலையிலிருந்து வரும்போது எனக்குத் தின்ன ஒரு பொட்டலம் ரோஜாக் வாங்கி வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கீழே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ தேய்ச்சத நான் தேய்ச்சேன்னு சொல்லிட்டேன். அத்தை செஞ்சது தப்புதான். மன்னிச்சிரும்மா" என்றார்.

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அத்தையை மன்னித்தேன்.