ஒளிராத தட்டை நம்பாத கௌரி

ஞாயிறு காலை லண்டன் வெம்பிளியிலிருந்து கௌரியின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டா, அண்ணை." நான் மறுபடி கேட்டேன். கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் கேட்டேன். கௌரியோடு வேலை செய்தவர்களுக்கு, எதையும் இன்னொருமுறை கேட்டுச் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் புரியும்.

லண்டனில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். விலங்குகளின் உயிர்க்கலங்களைத் தட்டுகளில் வளர்ப்போம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனைப் போல நடந்துகொள்ளும் இரசாயனம் பட்டால் ஒளிரும்படி மாற்றப்பட்ட கலங்கள் அவை. கம்பனிகள் அனுப்பும் மாதிரிகளை அவற்றில் இட்டுச் சோதிப்பதே வேலை. ஒளி வந்தால் மற்றவர்கள் சந்தேகப்படுவார்கள். வராவிட்டால்தான் கௌரி சந்தேகப்படுவார்.

ஒருமுறை குழந்தைகளின் பால்போத்தல் மூடிக்குப் பூசும் பொருள் ஒன்று வந்தது. ஒளி இல்லை; அப்படியென்றால் ஆபத்தில்லை என்று பொருள். அறிக்கையை அன்றே அனுப்பச் சொன்னார் மேலாளர். கௌரி கையெழுத்திடவில்லை.

"பதில் இல்லை எண்டு எழுத முன்னம், அந்தக் கலங்களுக்குப் பதில் சொல்ல ஏலுமோ எண்டு பாப்பம்," என்றார்.

அதே பூச்சை இட்ட தட்டுகளில் உண்மையான ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்தார். அப்போதும் ஒளி வரவில்லை. பூச்சின் அளவு கூடிப்போய்க் கலங்களில் பெரும்பாலானவை செத்திருந்தன. அளவைக் குறைத்துப் பூச்சை மட்டும் இட்டபோது தட்டுகள் ஒளிர்ந்தன.

பிறகு சந்தேகம் கௌரி மேலேயே திரும்பியது. போட்டிக் கம்பனி அவரை வளைத்துப் போட்டுவிட்டது என்று பேச்சு எழுந்தது. அவருடைய மின்னஞ்சல்களைத் துருவினார்கள். எனக்குத்தான் கோபம் வந்தது, அவருக்கு வரவில்லை. "என்னையும் பார்க்கத்தானே வேணும். ஆனா அந்தத் தட்டுகளையும் வேற ஆளை வச்சுப் பாக்கட்டும்," என்றார். வேறொருவர் செய்தார். மறுபடியும் ஒளிர்ந்தன.

கம்பனி மாதிரியை எடுத்துக்கொண்டு வேறு ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கே எந்த அளவில் சோதித்தார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கௌரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதற்குக் காரணமும் சொல்லவில்லை. பிறகு லண்டனின் ஹரோ பகுதியில் எங்கே சந்தித்தாலும், "அந்த மூடி கடைக்கு வந்திட்டுதோ?" என்பார். தெரியாது என்பேன். இன்றைக்கும் தெரியாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு நிம்மதியின்மை. நல்ல முடிவு வந்து எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, கலங்கள் உயிரோடுதான் இருந்தனவா என்று கேட்கிறேன். அறையில் முகங்கள் மாறுகின்றன. முன்பு இதைக் கேட்க இருவர் இருந்தோம்.