காமாலைக்கு ஊசி ஆகாது

காத்மாண்டுவில் ஒரு விடுதியின் குளியலறைக் கண்ணாடியில் என் கண்களைப் பார்த்துவிட்டு, எனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது, இனிப் பிழைக்க மாட்டேன் என்று ஒரு காலையில் முடிவு செய்தேன். அங்கே எரிந்தது குண்டு பல்பு. அந்த வெளிச்சத்தில் சோப்பும் மஞ்சள், சுவரும் மஞ்சள். அதையெல்லாம் நிதானமாக யோசிக்கிற ஆள் நான் இல்லை. ஓடி வந்து, கட்டிலில் போர்வைக்குள் கிடந்த நண்பனை உலுக்கினேன்.

"மாப்ள, என் கண்ணைப் பாருடா."

அவன் எழுந்து பார்த்தான். என் கண் எப்படி இருந்தது என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் அவனுடைய இரண்டு விழிகளும் மஞ்சள் கரைத்த தண்ணீர்போல இருந்தன.

"எனக்கில்லை, உனக்குத்தான்" என்றேன். அதைச் சொன்னபோது என் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. அவன் அதைக் கவனித்துச் சிரித்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவன் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. சேலத்தில் மஞ்சள் மண்டி. அண்ணன் கல்லாவில், இவன் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில். எனக்கு நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ். அவன் மூட்டைகளுக்கு லாரி பிடித்துக் கொடுக்கப் போய், மூட்டையை மறந்து நாங்கள் ஒட்டிக்கொண்டோம். நாற்பது வயதுக்குள் ஆசியாவைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் யோசனை. காத்மாண்டுவிலிருந்து விமானத்தில் பாங்காக், அங்கிருந்து ரயிலில் பினாங்கு, கப்பலில் மெட்ராஸ். பாஸ்போர்ட் எடுத்து, ஸ்வெட்டர் தைத்து, ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். எங்கள் ஆசியா காத்மாண்டுவோடு முடிந்தது.

நோய்க்கு அறிகுறி இல்லாமல் இல்லை. மலை ஏறும் பஸ்ஸிலேயே அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. கடுகெண்ணெய் நாற்றம் பிடிக்கவில்லை என்றான். ஓயாமல் சிகரெட் பிடிக்கிறவன், பாக்கெட்டை என்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நானோ வளைவுக்கு வளைவு என் சாவை அறிவித்துக்கொண்டே வந்தேன். ஒரு பள்ளத்தைப் பார்த்து "என் பிள்ளைகளைப் பார்த்துக்கோ" என்று அவனிடமே சொன்னேன். என்னுடைய சாவுகளுக்கு நடுவில் அவனைக் கவனிக்க எனக்கு நேரம் எங்கே இருந்தது?

அங்கே ஒரு டாக்டர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஊரிலிருந்தே வாங்கி வந்திருக்கும் நோய் என்றார். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட வேண்டும் என்றார். வெளியே வந்ததும் நண்பன் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

"எங்கடா போற?"

"ஊருக்கு."

"சேரச் சொல்றாரே."

"காமாலைக்கு ஊசி போட்டா ஆளு நிக்குமா? உனக்குத் தெரியாதா மாப்ள?"

எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அது தெரியாத ஆள் கிடையாது. காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியம் ஆகாது. கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூன்று நாள் குடிக்க வேண்டும். உப்பு, எண்ணெய் தொடக் கூடாது. ஊசி மட்டும் போட்டுவிட்டால் அன்றைக்கே ஆள் போய்விடுவான். எருமப்பட்டியில் என் பெரியப்பா அப்படித்தான் போனார். காலையில் ஊசி, பொழுது சாய்வதற்குள் பாடை. ஊசிக்கு முன்னால் அவர் ஒரு மாதம் பச்சிலை குடித்துக்கொண்டே கட்டிலில் காய்ந்து கிடந்தாரே, அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை. நான் பி.யூ.சி., அவன் பி.காம்.

"எருமப்பட்டியில மருந்து குடுக்கறவரு இன்னும் இருக்காரில்ல?" என்று கேட்டான்.

"இருக்காரு."

"அப்புறம் என்ன? என்னைய அங்க கொண்டுபோயிச் சேத்துரு. அது ஒண்ணுதான் உன் வேலை."

என்னிடம் யாரும் இப்படி ஒரு வேலையை நம்பிக் கொடுத்ததில்லை. மலையிலிருந்து எல்லைக்கு இறங்கும் பஸ்ஸில் நான் ஒரு முறைகூட என் சாவை அறிவிக்கவில்லை. அவன் தலை என் தோளில் கிடந்தது. சட்டை வழியாகவும் சூடு தெரிந்தது.

எல்லையில் இந்தியப் பக்கத்து ஊர் ரக்சால். ரயிலில் படுக்கை கிடைக்கவில்லை. எங்கள் ஊர்க்காரனுக்கு வெளியூரில் ஆபத்து வந்தால் போலீஸையோ ஆஸ்பத்திரியையோ தேட மாட்டான். மெயின் ரோட்டுக்குப் போய் நாமக்கல் லாரியைத் தேடுவான். சரக்கு இறக்குகிற மைதானத்தில் வரிசையாக நின்ற நூறு லாரிகளில் ஒன்றின் நெற்றியில் தமிழ் எழுத்து தெரிந்தது. நான் அதன் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

டிரைவர் பரமத்திப் பக்கம். பருப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் திரும்புகிற வண்டி. அவர் நண்பனின் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, காமாலைங்களா?"

"ஆமாங்க."

"ஊசி கீசி போட்டுப்போட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்பப் பயமில்லீங்க. ஏறச் சொல்லுங்க. ஊட்டு வாசல்ல கொண்டுபோயி எறக்கிப்போடறனுங்க."

மூன்று பேருக்கும் ஒரே வைத்திய சாஸ்திரம். தெம்பாக இருந்தது.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் அவனைப் படுக்க வைத்தோம். ரோடு என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு குழிக்கும் அவன் பல்லைக் கடித்தான். ஆனாலும் முதல் நாள் வாய் ஓயவில்லை. காசி வருகிறது என்று டிரைவர் சொன்னதும் பலகையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, இங்க நிறுத்தாதீங்க. இவன் பதட்டத்துல என்னைய எரிச்சுக் கங்கையில கரைச்சுட்டு, ஊருல போயி சுகமா இருக்கான்னு சொல்லிருவான்."

டிரைவர் சிரித்துச் சிரித்து ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டார். நான் ரோட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் அவன் பேச்சு குறைந்தது. எருமப்பட்டி போய்ச் சேரும்வரை காத்திருக்க முடியாது, மருந்தை இங்கேயே தொடங்கிவிடலாம் என்று எனக்கு யோசனை வந்தது. கீழாநெல்லி எங்கும் முளைக்கிற செடிதானே. லாரியை ஒரு வயல் ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, வரப்பில் முழங்காலிட்டுத் தேடினேன். ஸ்வெட்டர் போட்ட ஆள் ஒருவன் ஆடுபோல வரப்பை மேய்வதைப் பார்க்க அந்த ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். புளிய இலை மாதிரி இலை, இலைக்கு அடியில் வரிசையாகக் காய். ஒன்றைக் கண்டுபிடித்தேன். பிடுங்கியதும் சந்தேகம் வந்தது. வேறு ஏதாவது விஷச் செடியாக இருந்தால்?

"நீங்க பாருங்க" என்று டிரைவரிடம் நீட்டினேன்.

"அதாட்டத்தானுங்க இருக்குது."

"அதேதானா?"

"அதாட்டம் இருக்குதுன்னுதான் சொன்னனுங்க. சத்தியம் பண்ணச் சொன்னா முடியாதுங்க."

சரி, முதலில் நான் தின்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். தைரியத்தில் இல்லை, அவன் செத்து நான் மாட்டிக்கொள்வதைவிட நான் செத்துவிடுவது சுலபம் என்று தோன்றியது. ஒரு பிடி தின்றேன். நாக்கு மரத்தது, கை நடுங்கியது, நெஞ்சு அடைத்தது. மைல் கல்லில் சாய்ந்து உட்கார்ந்து என் வீட்டு முகவரியை டிரைவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பீடி பற்ற வைத்தார். பீடி முடிந்ததும், "எந்திரிங்க, போலாம்" என்றார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டீக்கடையில் மோர் வாங்கி, ஜாக்கி இரும்பால் செடியை நசுக்கிக் கலக்கிக் கொடுத்தோம். நண்பன் குடித்தான். கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். மருந்து பித்தத்தை வெளியே தள்ளுகிறது, நல்ல அறிகுறி என்று டிரைவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நாள் விடியலிலும் கொடுத்தோம்.

அன்றைக்கு அவன் என்னை அவன் அண்ணன் என்று நினைத்துப் பேசினான். கிட்டங்கியில் மழைத் தண்ணீர் இறங்குகிறது, மூட்டையை நகர்த்தச் சொல்லு என்றான். நகர்த்தியாயிற்று என்றேன். இல்லை, நீ பொய் சொல்கிறாய் என்றான். பிறகு தூங்கினான். நல்லது, தூங்கட்டும் என்று விட்டோம். ஜபல்பூருக்கு முன்னால் ஒரு குழியில் லாரி தூக்கிப்போட்டபோது அவன் கை பலகையிலிருந்து தொங்கியது. எடுத்து வைத்தேன். மறுபடியும் தொங்கியது. கூப்பிட்டேன். கிள்ளினேன். கண் பாதி திறந்து, என்னைப் பார்க்காமல் மூடிக்கொண்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

டிரைவர் கியரில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "ஊசி போட்டுப்போடுவாங்களேங்க."

"போங்க."

அந்த ஒரு வார்த்தையை நான் பதறாமல் சொன்னேன். அதனாலோ என்னவோ அவர் கியரை மாற்றி வண்டியை ஊருக்குள் திருப்பினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் ஓடி ஓடி வேலை செய்தார். குளுக்கோஸ் மாட்டினார்கள். கையில் ஒரு ஊசி போட்டார்கள். எத்தனை நாளாக இப்படி, என்ன கொடுத்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். சொன்னேன். செடியின் பெயருக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முற்பகலில் கொண்டுபோனோம், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அவன் மூச்சு நின்றுவிட்டது. முன்னாலேயே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார் டாக்டர். கை கழுவப் போய்விட்டார்.

டிரைவர் அவன் கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தார். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே ஒட்டியிருந்த சிறிய பஞ்சைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அப்புறம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் சாதியில் எங்கே செத்தாலும் உடலை ஊருக்குக் கொண்டுவந்து, சொந்தக் காட்டில்தான் காரியம் செய்வார்கள். "ஐஸ் வெச்சுக் கொண்டுபோயிரலாமுங்க, மூட்டைய இங்கயே போட்டுட்டு வெரசாப் போறன்" என்றார் டிரைவர். அவனை வீட்டில் சேர்ப்பதுதானே எனக்குக் கொடுத்த வேலை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தவன், எதற்கும் கேட்டுவிடுவோம் என்று தபாலாபீஸ் போய்ச் சேலத்துக்கு டிரங்க் கால் போட்டேன். அவன் அண்ணன் எடுத்தார். நான் உளறியதை முழுக்கக் கேட்டார்.

"மவுத்தான எடத்துலயே அடக்கம் பண்ணிருங்க தம்பி. மய்யித்தை இத்தனை தூரம் அலைக்கழிக்கக் கூடாது. அங்க நம்ம ஜமாத்து இருக்கும். போயிச் சொல்லுங்க, அவங்க பாத்துக்குவாங்க."

பள்ளிவாசலைக் கண்டுபிடித்தேன். எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் சரக்கு இந்தி. வண்டி, மால், லோடு, காலி. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் செத்துப்போனதைச் சொன்னேன். என் தோஸ்த் காலி என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே புரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னை எழுப்பி, தண்ணீர் கொடுத்து, ஆட்களை அனுப்பினார். யாரென்றே தெரியாத பத்துப் பதினைந்து பேர் அவனைக் குளிப்பாட்டி, துணி சுற்றித் தூக்கிப் போனார்கள். அவர்கள் தொழுதபோது நானும் டிரைவரும் பின்னால் கைகட்டி நின்றோம். குழிக்கு மூன்று பிடி மண் போட வேண்டும் என்று அந்தப் பெரியவர் சைகை காட்டினார். நான் பதட்டத்தில் நான்கைந்து பிடி போட்டேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சேலம் வரைக்கும் அந்தப் பலகையில் யாரும் படுக்கவில்லை.

அவன் வீட்டில் கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவன் மனைவி, புருஷனை இழந்தவள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற இத்தாவில், கதவுத் திரைக்கு அந்தப் பக்கம். நான் காத்மாண்டுவிலிருந்து தொடங்கினேன். டாக்டர் சேரச் சொன்னது, நாங்கள் சேராமல் வந்தது, வரப்பில் பிடுங்கிய செடி, வாந்தி, தூக்கம், எதையும் விடாமல் சொன்னேன். இதைச் சொல்லி முடித்ததும் இவர்கள் என்னை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கட்டும் என்றும் இருந்தது. ஜபல்பூருக்கு வந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஊசி போட்டாங்களாண்ணே?"

நான் வாய் திறப்பதற்குள் வாசலில் நின்ற டிரைவர் சொல்லிவிட்டார். "போட்டுப்போட்டாங்கம்மா."

கூடம் முழுக்க அடக்கி வைத்திருந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது. "அதான பாத்தேன்" என்றார் ஒருவர். "பச்சிலை புடிச்சுக்கிட்டு வர்ற நேரத்துல ஊசி போட்டா ஒடம்பு என்ன பண்ணும்" என்றார் இன்னொருவர். "இல்லைங்க, அது கடைசியா, ஒரே ஒரு ஊசி" என்றேன். "ஒண்ணு போதாதா தம்பி?" என்றார் அண்ணன். என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "நீங்க என்ன செய்வீங்க, வடக்கத்தி டாக்டர்ங்க சொன்னாக் கேக்கவா போறாங்க." எனக்கு டீ வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அழுகை தொடங்கியது. நான் டீயைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் அம்மா கண்ணை விரித்துப் பார்த்தாள். "காமாலைக்காரனோட ஒண்ணா இருந்துட்டு வந்திருக்கற சாமி, எருமப்பட்டிக்குப் போயி மூணு நாளு குடிச்சுப்போட்டு வந்துரு" என்றாள். போனேன். விடியற்காலையில் வரிசையில் நின்று, கசப்போடு மூன்று நாளும் குடித்தேன். உப்பில்லாமல் தின்றேன். நான்காம் நாள், ஈரோட்டில் வேலை இருக்கிறது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி, பள்ளிபாளையத்தில் என்னைத் தெரியாத ஒரு டாக்டரிடம் போய்ச் சட்டைக் கையை மடித்துக் காட்டி, ஒரு ஊசி போடச் சொன்னேன்.

"எதுக்கு?" என்றார்.

"காமாலைக்குங்க."

அவர் என் கண்ணைப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். உங்களுக்கு ஒன்றுமே இல்லையே என்றார். பரவாயில்லை, போடுங்கள் என்று கெஞ்சினேன். என்னமோ ஒரு சத்து ஊசி போட்டு அனுப்பினார். வெளியே வந்து காவிரிப் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சாகிறேனா என்று பார்த்தபடி, பொழுது சாயும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.